ஐந்து சொல் போதும்

கேள்வி: தினமும் இருபது ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்குகிறேன். ஒரு கிழமையில் எல்லாம் மறந்துபோகிறது. உச்சரிக்கவும் பயம். என்ன செய்யலாம்? – வாசகி, யட்டியாந்தோட்டை, கேகாலை

பதில்: தங்கச்சி, இருபதை ஐந்தாக்குங்கள். தனிச்சொல் மனதில் நிற்காது. கூட்டோடு பிடித்தால் நிற்கும். கொப்பியில் ‘டிசிஷன்’ என்று எழுதாதீர்கள், ‘மேக் எ டிசிஷன்’ என்று எழுதுங்கள். கீழே உங்கள் வீட்டைப் பற்றிய வசனம் ஒன்று. அம்மா பால்வெட்டப் போகிறவர் என்றால் ‘மை மதர் டெப்ஸ் ரப்பர்’. இப்படிச் சொந்த வாழ்க்கையில் ஒட்டிய சொல் லேசில் போகாது. மறுநாளும், மூன்று நாள் கழித்தும், அடுத்த கிழமையும் அர்த்தத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்.

எந்தச் சொல்லை முதலில் படிப்பது? ஒக்ஸ்போர்டின் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியில் மிக முக்கியமான 3,000 சொற்களுக்குச் சாவிக் குறி போட்டிருப்பார்கள். அவற்றை முடிக்காமல் அபூர்வச் சொற்களுக்கு அலைய வேண்டாம்.

உச்சரிப்பில் நம்மவர் தடுமாறுவது பெரும்பாலும் அழுத்தத்தில்தான். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறையச் சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை தேயும். ‘போட்டோகிராஃப்’ முதல் அசையில் ஓங்கும். ‘போட்டோகிராஃபர்’ இரண்டாம் அசையில், ‘ஃபட்டொக்ரஃபர்’ என்பதுபோல் ஒலிக்கும். அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில், அழுத்தும் அசைக்கு முன்னால் மேலே சின்னக் கோடு இருக்கும். அதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். லயத்தில் யார் கேட்டாலும் வெட்கப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுத் தோழியையும் சேர்த்துக்கொண்டு இன்றைக்கே தொடங்குங்கள்.