கல்லச்சிலிருந்து நனோ அச்சு வரை



'நனோலிதோகிராபி' என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெயர்தான் நீளம். நீங்கள் படிக்கும் அலைகள், இலத்திரனியல் ஆகிய இரண்டு பகுதிகளும் இங்கே ஒன்றாகச் சந்திக்கின்றன. இதை எழுதுபவர் கலைப் பட்டதாரி. ஆகவே சூத்திரத்தில் அல்லாமல் சொல்லில் இருந்து தொடங்குவோம்.

கிரேக்க மொழியில் 'லிதோஸ்' என்றால் கல். 1796ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில் அலோய்ஸ் செனபெல்டர் என்பவர் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு அச்சிடும் முறையைக் கண்டுபிடித்தார். கல்லின் மேல் கொழுப்புள்ள மையால் எழுதி, பின்னர் கல்லை நீரால் நனைத்தார். எழுதாத இடம் நீரை ஏற்றது. எழுதிய இடம் நீரைத் தள்ளியது. அதன்மேல் எண்ணெய் மையைப் பூசியபோது எழுத்தில் மட்டும் மை ஒட்டியது. தமிழில் இதைக் கல்லச்சு என்றனர். பரப்பின் ஒரு பகுதியை ஏற்கவும் மற்றப் பகுதியை மறுக்கவும் செய்தல் என்ற இந்த எண்ணமே சிப் தயாரிப்பிலும் உள்ளது.

அங்கே கல்லுக்குப் பதிலாகச் சிலிக்கன் தகடு. மன்னார் மணலில் சிப் செய்யலாமா என்று வகுப்பில் கேட்பதுண்டு. எமது கரை மணலில் பேசப்படும் இல்மனைற் கனியத்தில் இருப்பவை இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன். அது வெள்ளைப் பெயின்ற் நிறப்பொருளுக்கு உதவும். சிப்புக்குரிய சிலிக்கன் தூய படிகக்கல்லில் இருந்து பெறப்படுகிறது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

தகட்டின் மேல் ஒளியுணர் படலம் ஒன்று பூசப்படும். கோலம் வரைந்த மறைப்பு ஒன்றினூடாக அதன்மேல் கழியூதா ஒளி விழும். ஒளிபட்ட இடம் கரையத்தக்கதாக மாறும் (ஒளிபட்ட இடம் இறுகும் வகையும் உண்டு). கரைசலில் கழுவினால் கோலம் தெரியும். படலம் நீங்கிய இடங்களில் மட்டும் சிலிக்கன் செதுக்கப்படும். பற்றிக் துணியில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாதல்லவா? இங்கே மெழுகின் வேலையைப் படலம் செய்கிறது. ஒரு சிப்புக்கு இச்செயல் பல பத்துத் தடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடைபெறும்.

எவ்வளவு சிறிய கோலம்? ஒரு நனோமீற்றர் 10⁻⁹ மீற்றர் ஆகும். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். இந்தியாவின் மொகாலி நகரில் உள்ள அரச குறைகடத்தி ஆய்வுகூடம் 180 நனோமீற்றர் தொழினுட்பத்தில் சிப் செய்கிறது. விண்வெளி ஏவுகலங்களுக்கான 'விக்ரம் 3201' என்ற செயலி அங்கே செய்யப்பட்டு 2025 செப்டெம்பரில் வெளியிடப்பட்டது. 180 நனோமீற்றர் என்பது மயிரின் தடிப்பில் 400இல் ஒரு பங்கிலும் சிறியது. ஆனால் இன்றைய சிறந்த சிப்களுடன் ஒப்பிட்டால் அது பருமனானது.

இன்னும் சிறிதாக அச்சிட என்ன தடை? இதுதான் பாடத்தின் உயிர்நாடி. கடற்கரையில் படகு கட்டும் கம்பு ஒன்றைப் பாருங்கள். அலை வந்து கம்பைச் சுற்றிச் சென்று மறுபக்கம் ஒன்று சேரும். கம்பு இருந்த அடையாளமே தெரியாது. பெரிய வள்ளத்தின் பின்னாலோ நீர் அமைதியாக இருக்கும். தடை அலைநீளத்திலும் மிகச் சிறிதாயின் 'நிழல்' விழாது. ஒளியும் அலையே. மறைப்பில் உள்ள கோடு ஒளியின் அலைநீளத்திலும் மிகச் சிறிதானால் தகட்டில் விழும் உருவம் மங்கிவிடும். இதை உயர்தரத்தில் 'கோணல்' என்ற பெயரில் படிப்பீர்கள். நல்ல வில்லைகள் இருந்தால் அலைநீளத்திலும் சிறிய கோடுகளை ஓரளவுக்கு அச்சிடலாம். ஓரளவுக்குத்தான்.

எனவே அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தனர். இரச ஆவி விளக்கின் 436, பின்பு 365 நனோமீற்றர். அதன் பின்னர் லேசர் மூலம் 248, 193 நனோமீற்றர். 193உடன் நெடுங்காலம் நின்றனர். வில்லைக்கும் தகட்டுக்கும் இடையே தூய நீரை நிரப்பியபோது, நீரில் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 134 நனோமீற்றராகக் குறைந்தது! ஒளி அடர்ந்த ஊடகத்தில் புகும்போது வேகம் குறையும், மீடிறன் மாறாது, ஆகவே அலைநீளம் குறையும் என்று படித்ததன் நேரடிப் பிரயோகம் இது.

அடுத்து வந்தது 13.5 நனோமீற்றர். இவ்வொளியை வளியும் கண்ணாடியும் உறிஞ்சிவிடும். ஆகவே வில்லை பயன்படாது. வெற்றிடத்தில் விசேட ஆடிகள் கொண்டு தெறிக்கச் செய்ய வேண்டும். உருகிய வெள்ளீயத் துளிகளை ஒரு செக்கனுக்கு 50,000 தடவை லேசரால் தாக்கி இவ்வொளியைப் பெறுகின்றனர். இத்தகைய இயந்திரத்தை வணிகரீதியில் விற்பது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் மட்டுமே. ஒரு நாட்டின் சிப் உற்பத்தி இன்னொரு நாட்டின் அனுமதியில் தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளியைக் கைவிட்டு இலத்திரன் கற்றையாலும் எழுதலாம். அதன் அலைநீளம் ஒரு நனோமீற்றரில் நூறில் ஒரு பங்கிலும் குறைவு. மறைப்பும் தேவையில்லை, கணினி காட்டும் பாதையில் கற்றை பேனா போல நகரும். குறை என்னவெனில் வேகம். கையால் பிரதி எழுதுவதற்கும் அச்சடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். ஆகவே ஆய்வுகளுக்கும் மறைப்புகளைச் செய்வதற்கும் இது உகந்தது. பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இக்கருவி உண்டு. கோலத்தைப் படலத்தில் அழுத்திப் பதிக்கும் நனோ அச்சு முறையை 1995இல் ஸ்டீபன் சௌ வெளியிட்டார். முத்திரை குத்துவது போன்றது, மலிவானது, அச்சில் தூசு விழுந்தால் ஒவ்வொரு பிரதியும் பழுதாகும்.

மாதிரிக் கணக்கு: 13.5 நனோமீற்றர் ஒளியின் மீடிறன் யாது? (ஒளியின் வேகம் செக்கனுக்கு 3 × 10⁸ மீற்றர்)

மீடிறன் = வேகம் ÷ அலைநீளம் = 3 × 10⁸ ÷ (13.5 × 10⁻⁹) = 2.2 × 10¹⁶ ஹேர்ட்ஸ். நனோமீற்றரை மீற்றராக மாற்ற மறந்தால் விடை முழுவதும் பிழைக்கும். புள்ளிகள் அதிகம் இழக்கப்படும் இடம் இதுவே.

பயிற்சி வினாக்கள்

1. 193 நனோமீற்றர் ஒளியின் மீடிறனைக் கணிக்க. (விடை: 1.55 × 10¹⁵ ஹேர்ட்ஸ்)

2. 193 நனோமீற்றர் ஒளி நீரினுள் புகும்போது மாறாதிருக்கும் கணியம் எது? மாறும் கணியங்கள் இரண்டு தருக.

3. இலத்திரன் கற்றையால் மிகச் சிறிய கோடு வரையலாம் எனினும் கைத்தொலைபேசிச் சிப்களைப் பெருமளவில் உற்பத்தி செய்ய அதைப் பயன்படுத்துவதில்லை. காரணம் கூறுக.