நோட்டீசில் இருந்ததும் கடற்கரையில் இல்லாததும்

கேள்வி: சிலாபத்தில் வசிக்கிறோம். கற்பிட்டிப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் ‘குடும்ப இசை விழா’ என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை இரண்டு இரவு. வெள்ளி இரவு 8 மணிக்கு ஒரு பிரபல பாடகர், சனி காலை பிள்ளைகளுக்கு மேளமும் புல்லாங்குழலும் பழக்கும் வகுப்பு, மேடைக்குத் தள்ளி அமைதியான குடும்ப அறைகள் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். நான், கணவர், மாமியார், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஐந்து பேருக்கும் இரண்டு அறை, சாப்பாடு, நிகழ்ச்சி எல்லாம் சேர்த்து 120,000 ரூபாவை வங்கி மூலம் முன்கூட்டியே அனுப்பினோம். என் தங்கை முந்திய மாதம் அதே இரண்டு அறைகளில் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு 40,000 ரூபா கொடுத்துத் தங்கியவள்.

போனால், பாடகர் வரவில்லை. அவருக்குப் பதில் டிஜே. எங்கள் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஸ்பீக்கர் அடுக்கு. இரவு இரண்டு மணி வரை மாமியார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீசை முளைக்காத பையன்களுக்குக் கூட பியர் கொடுத்தார்கள். லைட் இல்லாத இடத்தில் கூடார ஆணி கிழித்து மூத்தவனின் காலில் நான்கு தையல். காலையில் வகுப்பைப் பற்றிக் கேட்டோம். ‘மாஸ்டர் வரவில்லை’ என்றார்கள். அப்போதே கிளம்பிவிட்டோம். பணத்தைக் கேட்டால், வாசலில் கையில் கட்டிய பட்டியைக் காட்டுகிறார் முகாமையாளர். ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது, நிகழ்ச்சிகள் மாற்றத்துக்குட்பட்டவை, விபத்துகளுக்குப் பொறுப்பல்ல’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. விழாவை நடத்தியது வேறு ஆட்கள், நாங்கள் இடம் மட்டும்தான் கொடுத்தோம் என்றும் சொல்கிறார். ஏழு வாரம் ஆகிவிட்டது. எங்களுக்கு ஏதாவது வழி உண்டா ஐயா?
— வாசகி, சிலாபம்

பதில்: வழி உண்டு, சகோதரி. 120,000 ரூபாவும் முழுதாகத் திரும்பி வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் பெரும்பகுதியைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் சொன்ன ஏழு வாரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

நீங்கள் வாங்கியது என்ன?

விளம்பரத்தில் இரண்டு வகைப் பேச்சு உண்டு. ‘வாழ்நாளில் மறக்க முடியாத வார இறுதி’ என்பது வியாபாரியின் வாய்ப்பந்தல். அதை வைத்து வழக்காட முடியாது. ‘வெள்ளி இரவு 8 மணிக்கு இன்னார் பாடுவார்’, ‘சனி காலை பிள்ளைகளுக்கு வகுப்பு’, ‘மேடைக்குத் தள்ளி அறை’ என்பவை வாக்குறுதிகள். அவற்றை நம்பித்தான் பணம் அனுப்பினீர்கள். ஆகவே அவை உங்கள் ஒப்பந்தத்தின் பகுதி. ‘குடும்ப’ என்ற சொல்லும் அப்படியே. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் 5 வயதுப் பிள்ளையையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு பொருள், சேவை பற்றிய பொய்யான எடுத்துரைப்புகளைத் தடுக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், யாரும் எழுதாமலே ஒப்பந்தத்தில் இருப்பதாக 32ஆம் பிரிவு கொள்கிறது.

கையில் கட்டிய பட்டி

அந்தப் பட்டி உங்கள் கைக்கு எப்போது வந்தது? பணம் போய் ஒப்பந்தம் முடிந்த பிறகு, விடுதி வாசலில். பேரம் முடிந்தபின் ஒரு தரப்பு தனியாக நிபந்தனை சேர்க்க முடியாது. இதற்கு நேரான தீர்ப்பு 1949இல் இங்கிலாந்தில் வந்தது: ஒலி எதிர் மால்பரோ கோர்ட். ஹோட்டலில் தங்கிய பெண்ணின் உடைமைகள் திருட்டுப் போயின. ‘பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அறைக்குள் மாட்டியிருந்த அறிவித்தலைக் காட்டியது ஹோட்டல். ஒப்பந்தம் வரவேற்பு மேசையிலேயே முடிந்துவிட்டது, அறைக்குள் போன பிறகு கண்ணில் படும் அறிவித்தல் செல்லாது என்றது நீதிமன்றம். ஆங்கிலத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அவற்றை எடுத்துக்காட்டி வாதிடலாம்.

நோட்டீசிலேயே அந்த நிபந்தனைகள் இருந்திருந்தாலும் கதை முடிந்துவிடாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. கவனயீனத்தால் ஒருவருக்கு மரணமோ உடற்காயமோ ஏற்பட்டால், ‘பொறுப்பல்ல’ என்ற வாசகம் அந்தப் பொறுப்பைத் துடைத்துவிடாது. மற்ற இழப்புகளில் அப்படியான வாசகம் நியாயமானதா என்று பார்க்கப்படும். ‘நிகழ்ச்சிகள் மாற்றத்துக்குட்பட்டவை’ என்பது எட்டு மணி நிகழ்ச்சியை எட்டரைக்குத் தள்ள உதவலாம். பாடகருக்குப் பதில் டிஜேயையும், வகுப்புக்குப் பதில் வெறுமையையும் தர அது உரிமம் ஆகாது.

‘நாங்கள் இடம் மட்டும்தான் கொடுத்தோம்’

உங்கள் பணம் யாருடைய கணக்குக்குப் போனது என்று வங்கிச் சீட்டைப் பாருங்கள். விடுதியின் கணக்கு என்றால் இந்தச் சாட்டு எடுபடாது. வேறு பெயர் இருந்தால், நோட்டீசில் விடுதியின் பெயரும் அடையாளமும் எப்படிப் போடப்பட்டிருந்தன என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரு தரப்புக்கும் கடிதம் அனுப்புங்கள். யார் பங்கு எவ்வளவு என்பது அவர்களுக்குள் தீர்க்கவேண்டிய கணக்கு.

இரவு இரண்டு மணி

ஒலிபெருக்கிக்கு பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். வெலிகமையிலிருந்து வந்த அடிப்படை உரிமை வழக்கொன்றில், 2007 நவம்பர் 9ஆம் திகதி உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்று பணித்தது. விசேட நிகழ்ச்சிகளுக்கு, சுற்றியிருப்பவர்களின் கருத்தை அறிந்த பின் விலக்கு அளிக்க இடம் வைத்தது. எனவே ‘அனுமதி இருந்தது’ என்று முகாமையாளர் சொன்னால், எத்தனை மணி வரை என்று கேளுங்கள். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் உண்டு. பிரதேச சபை எல்லைக்குள் பொதுவாகப் பகலில் 55 டெசிபல், மாலை 6 மணிக்குப் பின் 45 டெசிபல் என்பது அவற்றின் வரம்பு.

அனுமதிப்பத்திரத்தை நீங்களே கேட்டுப் பெறலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அனுமதி கொடுத்த பொலிசுக்கும் பிரதேச சபைக்கும் ஒவ்வொரு விண்ணப்பம் போடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்கவேண்டும். தமிழிலேயே எழுதலாம். அடுத்த முறை இப்படி ஓர் இரவு வந்தால், விடியும் வரை பொறுத்திருக்காமல் 119க்கு அழையுங்கள். அந்த அழைப்பே பின்னால் சாட்சியாக நிற்கும்.

பியர் விஷயத்தில் சட்டம் தெளிவு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பது குற்றம். இதில் உங்களுக்குப் பணம் வராது. ஆனால் ‘குடும்ப விழா’ என்று சொல்லி என்ன நடத்தினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. முறைப்பாட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

பிள்ளையின் கால்

இது ஒப்பந்தத்துக்கு வெளியேயும் நிற்கும் உரிமை. பிள்ளைகள் ஓடுவார்கள் என்று தெரிந்தே அழைத்தவர்கள், ஆணியை மூடியிருக்கவேண்டும். அந்த இடத்துக்கு ஒரு லைட்டாவது போட்டிருக்கவேண்டும். செய்யாதது கவனயீனம். மருந்துச் செலவோடு வேதனைக்கும் நட்டஈடு கேட்கலாம். வைத்தியசாலைத் துண்டையும் காயத்தின் படத்தையும் கூடார ஆணியின் படம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

எவ்வளவு கேட்பது?

நீதிமன்றம் கோபத்தை எண்ணாது, கணக்கை எண்ணும். உங்கள் தங்கை கொடுத்த விலைதான் இங்கே அளவுகோல். இரண்டு இரவுத் தங்கலும் சாப்பாடும் 80,000 ரூபா. மீதி 40,000 விழாவுக்கு நீங்கள் கொடுத்தது. விழாவில் பிரதானமானவை நடக்கவில்லை, ஆகவே அந்த 40,000ஐக் கேளுங்கள். இரண்டாம் இரவு நீங்கள் தங்கவில்லை. தங்க முடியாமல் செய்தது அவர்கள். அது இன்னொரு 40,000. மருந்துக்கும் வைத்தியசாலை போய்வந்த வானுக்கும் 6,500 ஆனது என்று வைத்துக்கொண்டால், கோரிக்கை 86,500 ரூபா. பிள்ளையின் வேதனைக்கான தொகை இதற்குப் புறம்பு. முதல் இரவு படுக்கையையும் சாப்பாட்டையும் பயன்படுத்தினீர்கள். அதற்கான 40,000ஐ விட்டுவிடுவதே கோரிக்கைக்குப் பலம். ‘டிஜே பாட்டையாவது கேட்டீர்களே’ என்று அவர்கள் கொஞ்சம் கழிக்கப் பார்ப்பார்கள். பேசலாம்.

பாழான விடுமுறையின் மன வருத்தத்துக்கு? இங்கே சுவாரஸ்யமான ஒரு வழக்கைச் சொல்லவேண்டும், ஏனெனில் அந்த விடுமுறை பாழானது நம் நாட்டில்தான். ஓர் ஆங்கிலேயர் மனைவி, பிள்ளைகளோடு நான்கு வார விடுமுறைக்கு 1,200 பவுண் கட்டி இலங்கைக்கு வந்தார். பிள்ளைகளின் அறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம். ஊர் திரும்பி பயண நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். ஜாக்சன் எதிர் ஹொரைசன் ஹாலிடேஸ் என்ற அந்த வழக்கில், 1975இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 1,100 பவுண் நட்டஈட்டை உறுதிசெய்தது. ஒப்பந்தம் செய்தவர் அவர் ஒருவரே ஆனாலும் குடும்பம் முழுவதின் ஏமாற்றமும் கணக்கில் சேர்ந்தது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோம டச்சுச் சட்டம். மன வருத்தத்துக்குப் பணம் கொடுக்க அது லேசில் இணங்காது. ஆகவே இதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இனி என்ன செய்வது?

முதலில் சாட்சி. 2023 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பியது நினைவிருக்கும். டிக்கெட்டின் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். அங்கேயும் காகிதம்தான் பேசியது. உங்கள் நோட்டீசையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி அவையும் சான்றாகும். கைப்பட்டியையும் எறியவேண்டாம்.

அடுத்து பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம். நீளம் வேண்டாம், இவ்வளவு போதும்:

‘தங்கள் விளம்பரத்தை நம்பி இன்ன திகதியில் 120,000 ரூபா செலுத்தினேன். அதில் வாக்களித்த பாடகரின் நிகழ்ச்சியும் பிள்ளைகளுக்கான வகுப்பும் நடக்கவில்லை. அமைதியான அறை தரப்படவில்லை. பாதுகாப்புக் குறைவால் என் மகன் காயமடைந்தார். கீழே காட்டிய கணக்கின்படி 86,500 ரூபாவை 14 நாட்களுக்குள் செலுத்தவும். மகனின் காயத்துக்கான நட்டஈட்டுக்கும் மற்றைய உரிமைகளுக்கும் பாதிப்பின்றி இதை எழுதுகிறேன்.’

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள்.

மூன்றாவது, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு. புத்தளம் மாவட்டச் செயலகத்தில் அதன் அலுவலகத்தில் கொடுக்கலாம். விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். விசாரித்தபின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு செலுத்தவோ கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. விடுதியைப் பற்றி 1912 இலக்கத்தில் சுற்றுலா அதிகார சபைக்கும் சொல்லுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மத்தியஸ்த சபை. இவ்வளவு சிறிய தொகைக்கு நேரே மாவட்ட நீதிமன்றம் போக முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். அங்கே சட்டத்தரணி வாதாட முடியாது. நீங்களும் முகாமையாளரும் நேருக்கு நேர் உட்காருவீர்கள், நோட்டீஸ் நடுவில் இருக்கும். இப்படிப்பட்ட பல பிணக்குகள் அந்த மேசையிலேயே தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். தீராவிட்டால் சபை சான்றிதழ் தரும், அதோடு வழக்குத் தொடரலாம். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று, காயத்துக்கான கோரிக்கைக்கு இரண்டு வருடம் என்று 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் அவகாசம் தருகிறது.

ஆனால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்ய உள்ள அவகாசம் மூன்று மாதம் மட்டுமே. ஏழு வாரம் போய்விட்டது. மிச்சம் ஐந்து வாரத்துக்கும் கொஞ்சம் மேல். கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்த நாளைத் தவறவிடாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் அனுப்புங்கள். முறைப்பாட்டின் முதல் வரியில் அவர்கள் போட்ட அதே சொல்லைப் போடுங்கள்: ‘குடும்ப இசை விழா’.