தறியும் கட்டளைத் திரையும்

திருத்தணிக்கு அணித்தே, ஆந்திர எல்லையை அடுத்து விளங்கும் பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராகும். அங்குத் தறியொலி கேட்டு வளரும் சிறுவர், ஆடை ஒரே செயலால் உருவாவதன்று என்பதை அறிவர். நூலுக்குச் சாயம் ஏற்றுவார் ஒருவர், பாவு ஓட்டுவார் ஒருவர், தார் சுற்றுவார் ஒருவர், நெய்வார் ஒருவர். ஒருவர் முடித்ததை மற்றவர் ஏற்றுத் தம் தொழிலைத் தொடர்கிறார். ஒவ்வொரு தொழிலும் சிறிது. அவை கூடிய பயனோ பெரிது. கணிப்பொறியிலும் இம்முறை உண்டு.

1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலிய அறிஞர் யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தோற்றுவித்தனர். ஒரு கட்டளையின் விளைவை மற்றொரு கட்டளைக்கு நேரே செலுத்த வேண்டும் என்று டக் மெக்கில்ராய் கருதினார். 1973இல் தாம்சன் அதனைச் செயற்படுத்தினார். அவ்விணைப்புக்குக் குழாய் என்று பெயர். நிமிர்ந்த சிறு கோடொன்றே அதன் குறி. பின்னர் 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சும் இந்நெறியையே பின்பற்றியது.

நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் முறைமையை உருவாக்கியது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி அது மாணவர் கைக்கும் வந்தது. கருவி கைக்கு வருதல் ஒன்று. அதனை ஆளக் கற்றல் மற்றொன்று.

கட்டளைத் திரையில் படங்களைச் சுட்டிப் பணியாற்றுவதில்லை; வேண்டியதைச் சொல்லால் எழுதுகிறோம். பள்ளி நூலகத்தில் ஓராண்டில் நூல் பெற்றோர் பட்டியல் ஒரு கோப்பில் உள்ளது என்று கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் மாணவரின் சேர்க்கை எண், பெயர், ஊர் ஆகியவை இருக்கும். பலமுறை நூல் பெற்றவர் பலமுறை இடம்பெற்றிருப்பர். பள்ளிப்பட்டிலிருந்து வந்து நூல் பெற்ற மாணவர் எத்துணையர்? கையால் எண்ணினால் ஒரு பகல் கழியும்.

கட்டளைகள் நான்கு இங்கு உதவும். 'கிரெப்' பள்ளிப்பட்டு என்னும் சொல் உள்ள வரிகளைப் பொறுக்கும். 'சார்ட்' அவற்றை வரிசைப்படுத்தும். 'யுனிக்' ஒன்றேபோன்ற வரிகளுள் ஒன்றனை மட்டும் நிறுத்தும். 'டபிள்யூ.சி.' எஞ்சிய வரிகளை எண்ணும். நான்கினையும் குழாய்க்குறியால் இணைத்தால் நொடியில் விடை கிடைக்கும். ஆனால் அடுத்தடுத்து நிற்கும் வரிகளையே 'யுனிக்' ஒப்புநோக்கும். ஆதலின் வரிசைப்படுத்துதல் முன்னரே நிகழ வேண்டும். பாவு ஓட்டாமுன் நெய்தல் இயலாதன்றோ? முறை பிறழ்ந்தால் விடையும் பிழைபடும்.

விரைந்து பணியாற்றச் சில பழக்கங்கள் துணைசெய்யும். கோப்பின் பெயரில் சில எழுத்துகளைத் தட்டி 'டேப்' விசையை அழுத்தினால், அப்பெயர் வேறொன்றோடு மயங்காதபோது எஞ்சியது தானே நிரம்பும். மேல்நோக்கிய அம்புக்குறி முன்னர் எழுதிய கட்டளையை மீட்டுத் தரும். ஒரு கட்டளையின் இயல்பை அறிய, 'மேன்' என்பதனோடு அதன் பெயரை எழுதுக, விளக்கம் தோன்றும். நாள்தோறும் செய்யும் பணியாயின், அதற்குரிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, வேண்டும்போது அதனையே இயக்கலாம்.

விரைவினும் இன்றியமையாதது விழிப்பு. 'ஆர்.எம்.' என்னும் கட்டளை கோப்பினை அழிப்பது. அது குப்பைத் தொட்டியில் இட்டு வைப்பதன்று. அழிந்தது மீள்வது அரிது. ஆகவே பல கோப்புகளை ஒருங்கே அழிக்குமுன், அதே குறிப்பினை 'எல்.எஸ்.' கட்டளைக்கு அளித்து, அழியப்போவன எவை என்று கண்ணாற் காண்க. காரியத்திற்கு முன் எண்ணுவோர்க்குக் கலக்கம் இல்லை.

மாணவர்களே! நாடா ஓட்டும் கை ஒரு நாளில் பழகியதன்று. கட்டளைகள் பலவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். நாளொன்றுக்கு ஒன்று கற்று, அதனை உங்கள் பணியிலேயே பயன்படுத்திப் பாருங்கள். சிறு கட்டளைகளை முறையறிந்து இணைக்கத் தெரிந்தவர், பிறர் செய்தளித்த கருவிக்காகக் காத்திராமல், தமக்கு வேண்டியதைத் தாமே ஆக்கிக்கொள்வர்.