மண் தந்ததை மண்ணுக்கே அளிப்போம்

ஆலய வீதியில் உதிரும் சருகு குப்பையன்று. மரத்தின் வேர் மண்ணிலிருந்து எடுத்த போசணையே அது. மண்புழு, பங்கசு, பற்றீரியா ஆகியன அதனை உக்கச் செய்து மீண்டும் வேருக்கு உணவாக்குகின்றன. இதுவே போசணை வட்டம். எம் முன்னோர் பூவரசங் குழையையும், வேலியில் பழுதான பனையோலையையும் தோட்டத்திலே தாட்டு இவ்வட்டத்தைப் பேணினர்.

இன்றோ, உழவாரப்பணியிற் கூட்டிய சருகும் நிர்மாலியப் பூக்களும் பல ஆலயங்களில் எரிக்கப்படுகின்றன. எரிக்கும்போது நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பலில் எஞ்சும் பொற்றாசியத்தையும் மழை இலகுவிற் கழுவிவிடும்.

ஆகவே அடியார்களே, நந்தவன மூலையில் ஒரு குழி வெட்டுவோம். பொலித்தீனை நீக்கி, சருகு, பூ, சாணம் என அடுக்கி, ஈரங் காயாது காப்போம். சில மாதங்களிற் பசளை கிடைக்கும். அதில் மலரும் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் மீண்டும் இறைவன் திருவடி சேரும்.