கணவாய்க் கொழுப்பில் ஒரு விசேஷம்

காரைக்கால் பட்டினச்சேரிப் பக்கம் போனால் கணவாய் வாங்காமல் வரமாட்டீர்கள், இல்லையா? அதன் கொழுப்பில் ஒரு விசேஷம் உண்டு.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருப்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பாலான மெல்லிய சவ்வு. அதில் பாஸ்பரசும் கார்பனும் நேராகச் சேராது. நடுவில் ஆக்சிஜன் நிற்கும். கணவாய், மட்டி போன்றவற்றின் கொழுப்பில் ஒரு பகுதியில் அந்த ஆக்சிஜன் கிடையாது. இரண்டும் நேரடியாகவே பிணைந்திருக்கும். இதுதான் பாஸ்போனேட். இந்தப் பிணைப்பை உடைப்பது லேசில்லை.

1959-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஹொரிகுச்சியும் கண்டாட்சுவும், ஆட்டின் இரைப்பையில் வாழும் சிலியேட் என்ற நுண்ணுயிர்களில் இந்தப் பொருளைக் கண்டார்கள். அதனால் 'சிலியாட்டின்' என்று பெயர் வந்தது. இதே பிணைப்புள்ள ஃபாஸ்ஃபோமைசினை மண் பாக்டீரியா தயாரிக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்து அது.

'கணவாய் சாப்பிட்டா எனக்குத் தடிக்குதே, இதனாலதானா?' என்று கேட்பீர்கள். இல்லை. அலர்ஜிக்கு முக்கியக் காரணம் ட்ரோபோமயோசின் என்ற புரதம். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஆகவே, 'நல்லா வேகவெச்சிருக்கேன், கொஞ்சம் சாப்பிடு' என்று ஒத்துக்கொள்ளாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மற்றவர்கள் இந்தக் கொழுப்பின் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. புதுசாகப் பார்த்து வாங்கி, ருசித்துச் சாப்பிடுங்கள்!