பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கிள்ளான் மேரு சாலைப் பக்கம் குடியிருக்கிறோம். எங்களுடையது 2014-இல் வாங்கிய உள்ளூர் கார். போன மாதம் முன்சக்கரத்தில் இரைச்சல் கேட்டதால் பேரிங் மாற்றினோம். மறுநாளிலிருந்து மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பட்டறைப் போமனிடம் கேட்டால், “மழைத் தண்ணி பூந்திருக்கும்மா, ஏபிஎஸ் பம்ப்பு போச்சு, ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல ஆகும்” என்கிறார். என் கொழுந்தனாரோ, “பியூஸைப் புடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா ஓட்டுங்க அண்ணி” என்கிறார். என் கணவர் புரோட்டோன் சாகா காலத்து ஆள். மழையில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று எனக்கும் மகனுக்கும் பாடம் எடுக்கிறார். ஜூலையில் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போய் அங்கே வாடகைக் கார் ஓட்டப் போகிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்கும் ஆலோசனைகள் குவிகின்றன: வழுக்கும் சாலையில் டயர் காற்றைக் குறை, பனியில் ஏபிஎஸ் ஆபத்து, கண்ணாடியில் பனி உறைந்தால் வெந்நீர் ஊற்று, எதிரே தெரியாவிட்டால் டபுள் சிக்னல் போடு. இவற்றில் எதை நம்புவது?
— ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: இந்த அறிவுரைகளில் பல, ஏதோ ஒரு காருக்கும் ஏதோ ஒரு சாலைக்கும் சரியாக இருந்தவைதான். கார் மாறியது, சாலை மாறியது, அறிவுரை மட்டும் அப்படியே கைமாறி வந்துகொண்டிருக்கிறது. பியூஸ் யோசனையை மட்டும் இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். அது எந்தக் காலத்திலும் யாருக்கும் சரியாக இருந்ததில்லை.

உங்கள் கணவர் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது அதில் ஏபிஎஸ் கிடையாது. அந்தக் காரில் ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும், கார் நிற்காது. சுழலாத சக்கரத்துக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். கார் போன திசையிலேயே சறுக்கிக்கொண்டு போகும். அதனால் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துச் சக்கரத்தைச் சுழல வைத்தார்கள். நல்ல ஓட்டுநரின் கால் அதை நொடிக்கு இரண்டு மூன்று முறை செய்யும். ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்துத்தான் செய்ய முடியும்.

பாஷ் நிறுவனம் 1978-இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காருக்குக் கொடுத்த ஏபிஎஸ், இதே வேலையை நொடிக்குப் பலமுறை செய்தது. இன்றைய காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார் இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வேகம் இழந்தால், அதற்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தை ஒரு வால்வு குறைத்துவிட்டு மறுபடி கூட்டும். மற்ற சக்கரங்களைத் தொடாது. இதை மனிதக் கால் செய்யவே முடியாது.

அப்படிப்பட்ட காரில் நீங்களும் விட்டு விட்டு மிதித்தால் என்ன ஆகும்? கால் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் பிரேக் இல்லாமல் கார் ஓடுகிறது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் போகும். அரை நொடி கால் எடுத்தால் 12 மீட்டருக்கு மேல். போர்ட் கிள்ளானிலிருந்து வரும் 40 அடி கண்டெய்னரின் நீளம் அவ்வளவுதான். ஆகவே ஏபிஎஸ் உள்ள காரில் அவசரத்துக்கு ஒரே மிதி. முழுப் பலத்தோடு மிதித்து, கார் நிற்கும் வரை காலை எடுக்காமல், இடைவெளி இருக்கும் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும்.

அப்போது பெடல் காலுக்கடியில் அதிரும், கீழே கறகறவென்று சத்தம் வரும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் குறை. அந்த அதிர்ச்சியில் எதுவோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், எடுக்கவே கூடாத நேரத்தில். மழை விட்ட ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத ஈரமான கார் நிறுத்துமிடத்தில், முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, 40 கி.மீ. வேகத்தில் ஒருமுறை ஓங்கி மிதித்துப் பாருங்கள். கணவரையும் மிதிக்கச் சொல்லுங்கள். ஆனால் விளக்கை அணைய வைத்த பிறகு. இப்போது உங்கள் காரில் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. விளக்கு எரியும் வரை உங்களுடையதும் சாகாதான், அவர் பாடம்தான் சரி.

ஏபிஎஸ் இருந்தால் கார் சட்டென்று நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அது ஸ்டீயரிங்கை உங்கள் கையில் வைத்திருக்கத்தான் பிறந்தது. நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பவை டயரும் சாலையும். தோராயமாக, ஈரமான தார்ச்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் நிற்க 64 மீட்டர் ஆகும், 110 என்றால் 95 மீட்டர். மூளை சொல்லிக் கால் மிதிக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. 1980-களில் மியூனிக் நகரில் டாக்சிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே நிறுவனத்தின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ், மீதிக்கு இல்லை. ஏபிஎஸ் வண்டிகளுக்கு விபத்து குறையவில்லை. அவற்றின் ஓட்டுநர்கள் இன்னும் வேகமாக, இன்னும் நெருக்கமாக ஓட்டியிருந்தார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு முன்காரின் பம்பரை முத்தமிட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மியூனிக் டாக்சிகள் நினைவுக்கு வரும்.

நம் ஊரில் பனிக்காலம் இல்லை, மழைதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கொட்டும். சில நாள் வெயிலுக்குப் பிறகு வரும் மழையின் முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள்தான் மிக மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து வழவழப்பாகிவிடும். துறைமுகத்துக்குப் போகும் சாலைகளில் கண்டெய்னர் லோரிகள் இடப்பக்கத் தடத்தைப் பள்ளமாக அமுக்கி வைத்திருப்பதால், அந்தப் பள்ளங்களில் தண்ணீர் வாய்க்காலாய் நிற்கும். அதன்மேல் வேகமாகப் போனால் டயர் தண்ணீரை விலக்க முடியாமல் மிதக்கத் தொடங்கும். மிதக்கும் டயரை எந்த ஏபிஎஸ்ஸாலும் காப்பாற்ற முடியாது.

இங்கேதான் “காற்றைக் குறை” என்ற அறிவுரை வருகிறது. அது மணலில் ஓட்டுகிறவர்களுடையது. மணலில் டயர் தட்டையாகப் பரவினால் புதையாது. தண்ணீரில் கணக்கு தலைகீழ். அமெரிக்காவின் நாசா 1960-களில் விமான டயர்களை வைத்து ஆராய்ந்தது. டயரில் காற்றழுத்தம் குறையக் குறைய, குறைந்த வேகத்திலேயே அது மிதக்கத் தொடங்குகிறது என்று கண்டது. அந்தக் கணக்குப்படி 32 பிஎஸ்ஐ இருக்கும் டயர் ஏறத்தாழ 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும். 24-ஆகக் குறைத்தால் 82-லேயே மிதக்கும். கார் டயரின் பள்ளங்கள் இந்த எண்களை முன்னே பின்னே தள்ளும் என்றாலும் திசை மாறாது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணே உங்கள் காருக்கு வேதம். டயர்ப் பள்ளங்களின் அடியில் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் அதுவரை தேய்ந்தால் சட்டப்படி முடிந்தது. மழைக்கு நான் அவ்வளவு தூரம் காத்திருக்க மாட்டேன், 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பேரம் பேசி வாங்குமுன் அதைப் படியுங்கள்.

டபுள் சிக்னல் நின்றுவிட்ட காருக்கு உரியது. ஓடும் காரில் போட்டால், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று தெரியாது. நீங்கள் தடம் மாறச் சிக்னல் போட்டாலும் பெரும்பாலான கார்களில் அது தெரியாது. முன்விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறையுங்கள். எதிரே ஒன்றுமே தெரியவில்லை என்றால் அடுத்த ஓய்விடத்திலோ எண்ணெய் நிலையத்திலோ ஒதுங்குங்கள். அவசரத் தடத்தில் நிற்பது ஆபத்து.

இனி அந்த மஞ்சள் விளக்கு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, “பேரிங் மாற்றிய மறுநாளிலிருந்து” என்பதுதான். பம்ப் நேற்று வரை நன்றாக இருந்து, சரியாகப் பேரிங் மாற்றிய மறுநாள் சாகுமா? சாகலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதையல்ல. சக்கர வேகச் சென்சார் பேரிங்குக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய பேரிங்கைக் கழற்றும்போது அதன் வயர் இழுபட்டிருக்கலாம், கனெக்டர் சரியாக மாட்டப்படாமல் இருக்கலாம், முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கலாம், பல்சக்கர வளையம் அடிபட்டு விரிந்திருக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில கார்களில் பல்வளையம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். அந்தப் பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சக்கரம் அருமையாகச் சுழலும், சென்சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. மலிவான மாற்றுப் பேரிங்கில் அந்தக் காந்தப் பட்டையே இல்லாமலும் போகலாம்.

ஆகவே ஸ்கேனர் வைத்திருக்கும் வேறொரு பட்டறைக்குப் போங்கள். எந்தச் சக்கரம், என்ன பிழைக் கோடு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேரிங் மாற்றிய சக்கரத்தின் பெயரே வந்தால் விஷயம் முடிந்தது, பழைய போமனிடம் போய்ச் சண்டை போட உங்களிடம் தாளும் இருக்கும். சென்சார் என்றால் செலவு பெரும்பாலும் சில நூறு வெள்ளியோடு நிற்கும். உண்மையிலேயே பம்ப் என்று வந்தால் மட்டும், புதியதா ஹாஃப்-கட் கடையிலிருந்து பழையதா என்று யோசியுங்கள். பழையது வாங்கினால் பாக எண் அச்சாகப் பொருந்த வேண்டும், உத்தரவாதமும் வேண்டும்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், நிதானமாகப் பட்டறை வரை ஓட்டலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். பியூஸைப் பிடுங்கினால் விளக்கு அணையப்போவதும் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட சிலர் விளக்கையே கழற்றிவிட்டுப் பழைய காரை விற்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்தக் காரை வாங்காதீர்கள்.

நியூசிலாந்துக்கு வருவோம். “பனியில் ஏபிஎஸ் ஆபத்து” என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. புதிதாய் விழுந்த தளர்ந்த பனியிலும் சரளைக் கல்லிலும், சுழலாத சக்கரம் தனக்கு முன்னே ஒரு குவியலைத் தள்ளிச் சேர்த்து, அதன்மேல் முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுழல விடுவதால் அந்தக் குவியல் சேராது, நிற்கும் தூரம் கூடும். அதற்காக அதை அணைத்தால் ஸ்டீயரிங்கும் போய்விடும், அதே சென்சார்களை நம்பியிருக்கும் சறுக்கல் தடுப்பும் போய்விடும். மலைச்சாலையில் வளைவைவிட்டு வெளியே போவதைவிடச் சில மீட்டர் தள்ளி நிற்பது மேல்.

தார்ச்சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் ஐஸ்தான் உண்மையான எதிரி. 60 கி.மீ. வேகத்தில் நல்ல காய்ந்த சாலையில் 18 மீட்டரில் நிற்கும் கார், ஐஸில் 140 மீட்டர் போகும். ஏபிஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதேதான். பாலங்களும், மலை நிழல் விழும் வளைவுகளும் முதலில் உறையும், கடைசியில் உருகும். காலை பத்து மணிக்கு முன் கிளம்பாதீர்கள், விடுமுறைதானே. கண்ணாடிக்கு வெந்நீர் வேண்டவே வேண்டாம், விரிசல் விட்டுவிடும். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிக்குச் சூடு காற்றைத் திருப்பி, பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டுங்கள்.

மில்ஃபோர்ட் சவுண்ட் போகும் திட்டம் இருந்தால் ஒன்று. அந்தச் சாலையில் மே முதல் நவம்பர் வரை பனிச்சங்கிலி கையில் இருக்க வேண்டும் என்பது விதி. வாடகை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, சங்கிலி உங்கள் டயர் அளவுக்கானதா என்று பாருங்கள். எஞ்சின் இழுக்கும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும், சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம். மாட்டிய பிறகு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. காரை எடுக்கும் முற்றத்திலேயே, வெயிலில், கையுறையோடு ஒருமுறை உங்கள் மகனை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். மலையோரத்தில் விரல் விறைக்க, கையேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக மாட்டிப் பார்க்க வேண்டாம்.