இரண்டு ஆண்டு, ஒரு கேள்வி: பழங்காலக் காலநிலை ஆய்வில் போஸ்ட்டாக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிஎச்டி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், ஜெர்மனியிலிருந்து ஒன்று வந்திருக்கிறது, ஜப்பானிலிருந்து ஒன்று வந்திருக்கிறது. எதற்குப் போகட்டும்?" நாட்டின் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. போஸ்ட்டாக் என்பது இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்குள் மாதிரி கைக்கு வர வேண்டும், கருவி ஓட வேண்டும், எண்கள் சரிபார்க்கப்பட வேண்டும், கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். அதனால் எந்த வாய்ப்பு வந்தாலும் மூன்று கேள்விகளை வைத்து அளந்து பாருங்கள். மாதிரி இப்போது யார் கையில் இருக்கிறது? கருவியில் உங்களுக்கு எத்தனை நாள்? பணி முடிந்து கிளம்பும்போது எந்த ஆராய்ச்சிக் கேள்வி உங்களுடையதாக இருக்கும்?

என் முதல் போஸ்ட்டாக்கில் இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. பேராசிரியரின் பெயரைப் பார்த்தே போய்விட்டேன். அங்கே போனபோது, எனக்குச் சொல்லியிருந்த கடலடி வண்டல் வேறொரு குழுவோடு பங்கு பிரிக்கப்படாமல் கிடந்தது. அது கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. வந்த பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பழுதாகி, உதிரிபாகத்துக்காக மூன்று மாதம் காத்திருந்தேன். 24 மாதத்தில் எட்டு மாதம் அப்படியே போயிற்று. அந்த இழப்பு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தேர்வு: கடலா, குகையா, பனியா?

பழைய காலநிலையை நேரடியாக அளந்தவர் யாரும் இல்லை. அது விட்டுச்சென்ற வேதியியல் தடயங்களைத்தான் படிக்கிறோம். எந்தத் தடயத்தோடு வேலை செய்கிறோம் என்பது நம் அன்றாடத்தையே மாற்றிவிடும்.

கடல் வண்டலை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு ஓட்டில் உள்ள ஆக்சிஜன்-18, ஆக்சிஜன்-16 விகிதம் அது உருவான நீரின் வெப்பநிலையைக் காட்டும் என்று ஹாரல்ட் யூரி 1947இல் விளக்கினார். செசாரே எமிலியானி 1955இல் கடலடி நுண்ணுயிர் ஓடுகளில் அதை அளந்து பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். இன்றும் வேலையின் தொடக்கம் அதே மைக்ரோஸ்கோப்தான். கழுவிச் சலித்த மணலைக் கறுப்புத் தட்டில் பரப்பி, ஊசி போல நுனி கூர்ந்த தூரிகையை நீரில் தொட்டு, குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற இனத்தின் ஓட்டை மட்டும் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஓடு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். மக்னீசியம்–கால்சியம் விகிதம் அளக்க வேண்டுமானால், பொறுக்கிய ஓடுகளைக் கண்ணாடித் தட்டுகளுக்கிடையில் மெல்ல நசுக்கி, நீரிலும் மெத்தனாலிலும் பலமுறை அலசிக் களிமண்ணைப் போக்க வேண்டும். களிமண்ணில் மக்னீசியம் உண்டு. அது ஒட்டிக்கொண்டிருந்தால் குளிர்ந்த கடல்கூடச் சூடாகத் தெரியும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் இந்த விகிதம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும்.

இரண்டு அளவீடுகளையும் ஒரே மாதிரியில் எடுப்பதில்தான் பலன் இருக்கிறது. ஆக்சிஜன் விகிதத்தில் வெப்பநிலையும் நீரின் தன்மையும் கலந்திருக்கும். மக்னீசியம் காட்டும் வெப்பநிலையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நீரின் கதை. வங்காள விரிகுடாவில் அது கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய நன்னீரின் கதை, அதாவது பருவமழையின் கதை.

கடல் வழியின் பெரிய நன்மை, மாதிரியை நீங்களே கேட்டுப் பெறலாம் என்பது. ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் 2014–15இல் 353ஆம் பயணத்தில் வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் துளையிட்டது. அப்படி எடுத்த இந்தியப் பெருங்கடல் மாதிரிகள் ஜப்பானின் கோச்சியில் உள்ள களஞ்சியத்தில் இருக்கின்றன. பயணத்தில் சென்றவர்களுக்கான ஒதுக்கீட்டுக் காலம் முடிந்துவிட்டால், தக்க காரணத்தோடு எழுதிக் கேட்கும் எந்த ஆய்வாளருக்கும் மாதிரி கிடைக்கும். அந்தக் கப்பலின் சேவை 2024இல் முடிந்துவிட்டது. ஆகவே புதிதாகத் துளையிடும் பயணத்தை நம்பித் திட்டம் போடாமல், களஞ்சியத்தில் இருப்பதை வைத்துத் திட்டமிடுவது நல்லது.

குகை வழி வேறு. சுண்ணாம்புக் குகையின் தரையில் சொட்டுச் சொட்டாக வளரும் கல்முளைக்குக் காலக் கணக்கு மிகத் துல்லியம். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. கல் உருவாகும்போது உள்ளே போவது யுரேனியம் மட்டுமே. பிறகு அது சிதைந்து சேரும் தோரியத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும். ஏறத்தாழ 6 லட்சம் ஆண்டு வரை இந்த முறை செல்லும். ரேடியோகார்பனுக்கோ 50,000 ஆண்டோடு எல்லை முடிகிறது. நாம் வாழும் புவியியல் காலத்துக்கு மேகாலயன் என்று பெயர் வந்ததும் ஒரு கல்முளையால்தான். மேகாலயாவின் மாம்லூ குகைக் கல்முளை சுமார் 4,200 ஆண்டுக்கு முந்தைய வறட்சியைப் பதிந்து வைத்திருந்தது. அதையே எல்லைக்கோடாகக் கொண்டு 2018இல் அந்தப் பெயர் ஏற்கப்பட்டது.

ஆனால் குகையில் மாதிரி எடுப்பது எளிதன்று. வனத்துறை, உள்ளூர்ச் சமூகம், நில உரிமையாளர் என்று அனுமதிகள் பல வேண்டும். வெட்டிய கல் திரும்ப முளைக்காது என்பதால் மனசாட்சியும் குறுக்கே நிற்கும். வெளியிலிருந்து களிமண்ணோடு வந்த தோரியம் கலந்திருந்தால் வயதில் பிழை கூடும். ஆகவே "ஏற்கெனவே வெட்டி, சில இடங்களில் வயது பார்த்து வைத்த கல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருந்தால் தைரியமாகப் போகலாம். "போய்த் தேட வேண்டும்" என்று பதில் வந்தால், இரண்டு ஆண்டுப் பணிக்கு அது பெரும் பந்தயம்.

பனி வழியில் கிடைக்கும் பெருமை பெரிது, தனியுரிமை குறைவு. அண்டார்க்டிகாவின் டோம் சி பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுக் காற்றைக் குமிழிகளில் அடைத்து வைத்திருக்கிறது. அந்தக் காலம் நெடுக, கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியது என்பதை அந்தக் குமிழிகளே சொல்லின. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. 2025 ஜனவரியில் பியாண்ட் எபிகா குழு 2,800 மீட்டர் ஆழம் துளைத்து, 12 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட பனியை எட்டியது. இவை பல நாட்டுக் குழுக்களின் உழைப்பு. பனியின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்கூட்டியே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் பெயர் நீண்ட ஆசிரியர் பட்டியலில் நடுவே வரலாம். குழுவேலை பிடித்தவர்களுக்கும், அளவீட்டு முறையிலேயே தேர்ச்சி பெற விரும்புகிறவர்களுக்கும் இது மிக நல்ல பள்ளி.

இரண்டாம் தேர்வு: பணம் எங்கிருந்து வருகிறது?

பேராசிரியரின் திட்டப் பணம் ஒரு வகை. கேள்வி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், மாதிரியும் பெரும்பாலும் தயாராக இருக்கும். உடனே வேலை தொடங்கலாம். ஜெர்மனியில் இது டிவி-எல் இ13 என்ற ஊதிய நிலையில் வரும் முறையான வேலை. மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் அதோடு வரும். குறை ஒன்றுண்டு: முடிவுகள் திட்டத்துக்குச் சொந்தம். அதிலிருந்து ஒரு கிளைக் கேள்வியை உங்களுக்கென்று ஒதுக்கித் தருவார்களா என்று முன்பே பேசிவிடுங்கள்.

சொந்த நிதி மற்றொரு வகை. ஐரோப்பாவின் மேரி கியூரி, ஜெர்மனியின் ஹம்போல்ட், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் போன்றவை இதில் அடங்கும். கேள்வி உங்களுடையது, பெயரும் உங்களுடையது. மேரி கியூரி பணி ஒப்பந்தமாக வருகிறது. ஹம்போல்ட் உதவித்தொகையாக வருவதால் ஓய்வூதியக் கணக்கு ஏறாது. மேரி கியூரியில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று: விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அதே நாட்டில் இருந்திருக்கக் கூடாது. முதலில் திட்டப் பணியில் போய்ச் சேர்ந்து, பிறகு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மற்ற விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுதும் படியுங்கள்.

மூன்றாவது, இந்தியாவிலேயே செய்வது. அகமதாபாத்தின் பிஆர்எல், கோவாவின் என்ஐஓ, என்சிபிஓஆர், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், பெங்களூரு ஐஐஎஸ்சி ஆகிய இடங்களில் நல்ல கருவிகளும் இந்திய மாதிரிகளும் இருக்கின்றன. ஊதியம் குறைவு. ஆனால் நாளைக்கு நீங்கள் வேலை தேடப்போவது இங்கேதான் என்றால், களமும் ஆட்களும் அறிமுகமாகும் லாபம் பெரிது. ப்ரசேன்ஜித் கோஷ் கலிபோர்னியாவின் கால்டெக்கில் ஜான் ஐலர் குழுவில் இருந்தபோது, கார்பன்-13, ஆக்சிஜன்-18 பிணைப்புகளைக் கொண்டு வெப்பநிலை அளக்கும் முறையை விளக்கிய 2006ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு முதல் ஆசிரியரானார். பின்னர் அந்த அறிவோடு ஐஐஎஸ்சிக்கு வந்தார். வெளியே கற்ற முறையை இங்குள்ள கேள்விக்குப் பயன்படுத்த இது நல்ல முன்மாதிரி. தமிழகத்துக்கு மழை தரும் வடகிழக்குப் பருவமழையின் பழைய பதிவுகள், தென்மேற்குப் பருவமழைக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

1. மாதிரி இன்று எந்த அறையில், யார் பெயரில் இருக்கிறது? வயது பார்த்தாயிற்றா?
2. வாரத்தில் எத்தனை நாள் கருவி எனக்கு? கருவியை நானே இயக்கலாமா, மாதிரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமா?
3. பழுது பார்க்க நிரந்தரப் பணியாளர் இருக்கிறாரா? கடந்த ஆண்டு எத்தனை நாள் கருவி நின்றது?
4. அளவீட்டுச் செலவு யாருடையது? எத்தனை மாதிரிக்குப் பணம் இருக்கிறது?
5. முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை எதிர்பார்க்கலாம்? கிளம்பும்போது எந்தக் கேள்வியை எடுத்துச் செல்லலாம்?
6. முன்பு இங்கிருந்த போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களோடு பேசலாமா?

ஆறாவது கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். முன்பு இருந்தவர்களோடு அரை மணி நேரம் பேசினால், நேர்காணலில் தெரியாதது தெரிந்துவிடும்.

யாருக்கு எது?

பிஎச்டியில் கட்டுரை குறைவாக வந்தவர்களுக்கு, மாதிரி தயாராக இருக்கும் கடல் வண்டல் திட்டப் பணி நல்லது. கட்டுரைகள் இருந்தும் சொந்த அடையாளம் இன்னும் வராதவர்கள், ஓராண்டு தாமதமானாலும் சொந்த நிதிக்கு முயலலாம். கருவிகளில் கை தேர்ந்தவர்களாக வர விரும்பினால் பனி அல்லது குகை ஆய்வகம் ஏற்றது. குடும்பச் சூழல் ஊரைவிட்டு விடாது என்றால், ஏஎன்ஆர்எஃப் தரும் தேசியப் போஸ்ட்டாக் நிதியோடு இந்திய நிறுவனத்துக்குப் போவதில் குறைவு எதுவும் இல்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் 24 கட்டம் போடுங்கள், மாதத்துக்கு ஒன்று. 200 மாதிரி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஓடு பொறுக்க ஒரு மணி நேரம். மைக்ரோஸ்கோப்பில் நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் கண் தாங்காது. பொறுக்குவதற்கு மட்டும் 50 வேலை நாள், அதாவது இரண்டரை மாதம். கழுவுதல், அளவீடு, மறு அளவீடு, எழுத்து எல்லாவற்றையும் அப்படியே நிரப்பி, அந்தத் தாளை வருங்காலப் பேராசிரியருக்கு அனுப்புங்கள்.

இரண்டு கடிதங்களோடு என்னிடம் வந்த ஒரு மாணவியை இப்படித்தான் செய்யச் சொன்னேன். ஒரு இடத்திலிருந்து "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒற்றை வரி வந்தது. அவ்வளவு பெயர் கேட்டிராத மற்றொரு பேராசிரியர் கட்டங்களைத் திருத்தி, ஏழாவது மாதத்தில் கருவி பராமரிப்புக்கு நிற்கும், அப்போது எழுத்து வேலையை வைத்துக்கொள் என்று குறித்து அனுப்பியிருந்தார். எதற்குப் போவது என்று அவள் அதன் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை.